ஒன்பது மாதக் கோடு: சின்னமுத்தும் நம்ம கரையும்

2024 ஜனவரி 6ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, சுகாதார அமைச்சு ஒன்பது "மாவட்டங்களில்" ஒரு விசேட ஊசியைப் போடத் தொடங்கியது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, குருநாகல், காலி, மாத்தறை, யாழ்ப்பாணம், கல்முனை. பட்டியலைத் திரும்ப ஒருக்கா வாசித்துப் பாருங்கள். கல்முனை ஒரு மாவட்டமே இல்லை. கரையோர மாவட்டம் வேணும் என்று எத்தனை தேர்தல் மேடையில் கேட்டுக் களைத்துப்போன ஊருக்கு, கடைசியில் சின்னமுத்துப் பட்டியலில்தான் அந்த அந்தஸ்து கிடைத்திருக்கிறது.

பகிடியை விட்டுவிட்டுச் சொன்னால், இதற்கு நிர்வாகக் காரணம் உண்டு. நாட்டில் 25 மாவட்டம், ஆனால் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கில் 26 பிராந்தியம். அம்பாறை மாவட்டத்தை மட்டும் அது இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: உள்நாட்டுப் பக்கம் அம்பாறைப் பிராந்தியம், கரைப்பக்கம் கல்முனைப் பிராந்தியம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் இந்த 26ஆவதற்குள்தான். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அட்டவணையில் ஒவ்வொரு கிழமையும் மாவட்டங்களோடு மாவட்டமாகக் கல்முனைக்கும் ஒரு வரி இருக்கும்.

அந்த ஜனவரி ஊசி யாருக்கு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஆறு மாதம் நிறைந்து ஒன்பது மாதம் ஆகாத பிள்ளைகளுக்கு. வழமையாக ஒன்பது மாதத்தில்தான் சின்னமுத்துக்கு முதல் ஊசி. ஏன் அந்த ஒன்பது? ஏன் திடீரென்று ஆறு? பிறந்து இருபது நாளான பிள்ளைக்கு ஒண்டுமே இல்லையா? "மூத்தவளுக்கு மேலெல்லாம் கண்டிருக்கு, காய்ச்சலும் இருக்கு, சின்னவனை என்ன செய்யிற?" என்று ஒரு தாய் மிட்வைஃபுக்கு கோல் எடுத்துக் கேட்கும் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நம் வீட்டு அலுமாரியில் இருக்கும் அந்த நீல, ரோஸ் நிறக் கொப்பியின் ஒரு வரிக்குள் அது சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் பெயர். இலங்கைத் தமிழில் நாம் சின்னமுத்து என்பதைத் தமிழ்நாட்டுக்காரர் தட்டம்மை என்பார்கள். அவர்கள் சின்னம்மை என்பது நம்முடைய கொப்புளிப்பான். இந்தியத் தமிழ்ப் பக்கங்களைக் கூகிளில் தேடி வாசிக்கும் நம் தாய்மார் இந்த இடத்தில் குழம்பிப் போகிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு பயம். கொப்புளிப்பானில் நீர்க் கொப்புளம் வரும், கடிக்கும். சின்னமுத்தில் முதலில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. மூன்று நான்கு நாள் கழித்துத்தான் முகத்தில் தொடங்கி உடம்புக்குச் சிவப்புப் படர்வு இறங்கும். பிள்ளைகளைக் கொன்ற ஒரு நோய்க்கு முத்து என்று பெயர் வைத்தவர்கள் பயந்துதான் வைத்திருக்க வேண்டும். பக்கத்துத் தமிழ் ஊர்களில் அதை நோய் என்றே சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வைகாசியில் இந்தக் கரை முழுக்கக் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி நடக்கும். வெக்கை நோய்கள் தணிய வேண்டும் என்பதுதான் அந்தச் சடங்கின் உள்ளர்த்தம். நம் பக்கத்தில் ஓதின தண்ணீர். வேப்பிலை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

அரபியில் இதன் பெயர் ஹஸ்பா. சின்னமுத்தையும் பெரியம்மையையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டி, அதற்கென்றே ஒரு தனி நூல் எழுதியவர் ரய் நகரத்து வைத்தியர் அபூபக்ர் அர்ராஸி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். நம் மத்ரஸாக்களில் இவர் பெயரை "முஸ்லிம் விஞ்ஞானிகள்" என்ற பட்டியலில் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். அவர் என்ன நினைத்தார் என்பது அதைவிடச் சுவாரசியம். பெரியம்மை ஏன் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது என்று யோசித்து, பிள்ளையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு போன்றது, அது நுரைத்துப் புளித்துத்தான் பெரிய மனிசரின் இரத்தமாக அடங்கும், அந்த நுரைப்புத்தான் நோய் என்றார். அவருக்குப் பின்வந்த வைத்தியர்கள் இதை இன்னும் ஒரு படி தள்ளி, கர்ப்பத்தில் தாயிடமிருந்து ஒட்டிய அசுத்த இரத்தம் வெளியேறுவதே அம்மை என்று எழுதினார்கள். பல நூற்றாண்டுகள் பள்ளிவாசல் நிழலிலும் தேவாலய நிழலிலும் வைத்தியம் படித்தவர்கள் அதைத்தான் நம்பினார்கள். அதாவது பிள்ளைக்கு நோயைக் கொடுப்பது தாய்.

விஷயம் நேர் எதிர். பிள்ளைக்குத் தாயிடமிருந்து வருவது காவல். இதை உலகத்துக்கு விளங்கப்படுத்த உதவியது நமக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு குளிர் நாடு.

1846இல் வட அத்திலாந்திக்கில் உள்ள பரோ தீவுகளுக்குச் சின்னமுத்து கப்பலில் வந்து இறங்கியது. 1781க்குப் பிறகு அங்கே அந்த நோயே இருக்கவில்லை. 65 வருட இடைவெளி. தீவுகளில் ஏறத்தாழ 7,800 பேர். அதில் 6,000 பேருக்குச் சில மாதத்துக்குள் வந்துவிட்டது. டென்மார்க் அரசு பீட்டர் பானும் என்ற இருபத்தைந்து வயதே ஆன ஒரு டொக்டரை அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் போய், யார் எந்த நாளில் யாரைச் சந்தித்தார், எந்த நாளில் மேலில் கண்டது என்று எழுதி வைத்தார். தொற்றியதிலிருந்து படர்வு வர இரண்டு கிழமை அளவு எடுக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. 1781இல் சின்னப் பிள்ளைகளாக இருந்து நோய் வந்து தப்பிய கிழவன் கிழவிகளில், அவர் பார்த்த ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை. ஒருக்கா வந்தால் உடம்பு 65 வருடம் மறப்பதில்லை.

பானும் கவனித்த இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அந்த வருடம் வழமையைவிட மிகக் கூடுதலாக இறந்தார்கள். இன்றைக்கு நமக்குத் தெரிந்ததை வைத்து அதன் காரணத்தை ஊகிக்கலாம். அந்தத் தாய்மாருக்குச் சின்னமுத்து வந்ததே இல்லை. ஆகவே பிள்ளைக்குக் கொடுக்க அவர்களிடம் ஒண்டும் இருக்கவில்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் தொப்புள்கொடி வழியாகப் பெருமளவில் பிள்ளைக்குப் போகின்றன. மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பொதி குறைவாகவே கிடைக்கும். போனது நிரந்தரமும் இல்லை. மாதத்துக்கு மாதம் கரைந்துபோகும். இது கரைந்து முடிவதற்குள் ஊசி போட்டால் தாயின் காவலே ஊசி மருந்தையும் அடித்து அணைத்துவிடும், பிள்ளையின் உடம்பு பாடம் படிக்காது. முற்றாகக் கரையும் வரை காத்திருந்தால் இடையில் நோய் முந்திவிடலாம். ஒன்பது மாதம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் கீறிய ஒரு கோடு. ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றுக்கு 85 அளவு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பன்னிரண்டில் போட்டால் 95. நோய் நிறைய உள்ள நாடு ஒன்பதைத் தெரிவு செய்யும், நோய் இல்லாத நாடு பன்னிரண்டைத் தெரிவு செய்யும். கிட்டத்தட்ட ஒரு சூதாட்டம்தான், பந்தயம் நம் பிள்ளைகள்.

இலங்கையில் இந்தக் கோட்டைக் கீறியது 1984. விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இலேயே தொடங்கிவிட்டாலும் சின்னமுத்து ஊசி அதற்குள் வர ஆறு வருடம் எடுத்தது. ஒன்பது மாதத்தில் ஒரே ஒரு ஊசி. அதற்கு முந்திய தலைமுறைக்கு, நம் உம்மம்மா மூத்தம்மாமாருக்கு, ஊசி கிடையாது. எல்லோருக்கும் பத்து வயதுக்குள் வந்து போனது, தப்பியவர்கள் தப்பினார்கள். "எங்கட காலத்தில எல்லாருக்கும் வந்ததுதானே, என்ன நடந்தது?" என்று கேட்கும் மூத்தம்மாவுக்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு: தப்பாதவர்கள் இப்போது கேள்வி கேட்க இல்லை. ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. நோய் வந்து தப்பிய தாயின் காவல் பலமானது, பிள்ளையிடம் நீண்ட நாள் தங்கும். ஊசியால் காவல் பெற்ற தாய் கொடுப்பது அதைவிடக் குறைவு. பெல்ஜியத்தில் 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வில், நோய் வந்த தாய்மாரின் பிள்ளைகளில் அந்தக் காவல் நடுநிலையாக நாலு மாதத்துக்குக் கிட்டவும், ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளில் ஒரு மாதம் அளவும்தான் நின்றது. ஊசி வென்றதற்குக் கொடுக்கும் விலை இது: நோய் ஊரை விட்டுப் போகப் போக, கைப்பிள்ளையின் சொந்தக் காவலும் மெலிகிறது. பிறகு அந்தப் பிள்ளையைக் காப்பது சுற்றியுள்ளவர்களின் ஊசிதான்.

ஒரு ஊசி போதாது என்பது 1999-2000இல் தெரிந்தது. நாடு முழுக்கப் பதினைந்தாயிரம் அளவில் நோயாளிகள். 2001இல் மூன்று வயதுக்கு இரண்டாவது ஊசி வந்தது. சின்னமுத்தோடு ருபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். ஊசி. அடுத்த வருடங்களில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளையும் தேடிப் போட்டார்கள்.

அந்த வேலையின் பலனை நாம் கண்டது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. கண்டோம் என்பதைவிட, ஒண்டும் காணவில்லை என்பதுதான் பலன். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மௌத்தான கடல் அது. நாட்டிலேயே ஆகக் கூடிய இழப்பு இந்தக் கரைக்குத்தான். மருதமுனையில், கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில் தப்பிய சனம் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் பாயோடு பாய் போட்டுப் படுத்தது. கைப்பிள்ளைகளும் அதற்குள்தான். அகதி முகாம் என்றால் வைத்தியர்கள் முதலில் பயப்படுவது சின்னமுத்துக்கு. காற்றில் பரவும், நோயாளி போன பிறகும் அந்த அறைக்குள் இரண்டு மணித்தியாலம் வரை நிற்கும், காவல் இல்லாதவர்கள் நடுவில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு வரை தாவக்கூடியது. அப்படியிருந்தும் இலங்கை முகாம்களில் பெரிய பரவல் எதுவும் வரவில்லை. அதே கடல் அடித்த தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் அந்த மாதங்களில் சின்னமுத்து பரவியது. அங்கே முதல் ஊசி பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போட்டுத்தான் இருந்தது, ஆனால் இந்தியாவில் அப்போது இரண்டாவது ஊசி அட்டவணையிலேயே இல்லை. நம்மிடம் மூன்று வருடமாக இருந்தது. சுனாமி பற்றி எழுதப்பட்ட அத்தனை பக்கங்களிலும், மூன்று வயதில் கத்திக் கத்திப் போட்டுக்கொண்ட ஒரு ஊசிக்கு யாரும் ஒரு வரி கொடுத்ததாக நான் பார்க்கவில்லை.

இந்த வெற்றிதான் அடுத்த தவறின் தாய். தவறு என்று இன்றைக்கு இருந்துகொண்டு சொல்வது சுலபம். அன்றைக்கு அது நியாயமான கணக்கு. நோய் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது, இனிப் பன்னிரண்டு மாதத்தில் போட்டால் கூடுதலான பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று 2011இல் கோடு ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு நகர்ந்தது. கூகைக்கட்டையும் சேர்த்து எம்.எம்.ஆர். ஊசி, ஒரு வயதிலும் மூன்று வயதிலும். இரண்டு வருடம் போகவில்லை. 2013இல் சின்னமுத்து திரும்பி வந்தது, 2014இலும் நின்றது. ஆயிரக்கணக்கில். வந்தவர்களில் முக்கியமான இரண்டு கூட்டம்: ஒரு வயது ஆகாத பிள்ளைகள், மற்றது இருபது வயது தாண்டிய இளைஞர்கள். முதல் கூட்டத்துக்கு இன்னும் ஊசி வரவில்லை. இரண்டாம் கூட்டத்தில் பலருக்கு ஒரு ஊசி மட்டும் அல்லது அதுவும் இல்லை. அவர்கள்தான் அந்தப் பிள்ளைகளின் வாப்பாமாரும் மாமாமாரும். ஆறு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரையான பிள்ளைகளுக்கு அவசரமாக மேலதிக ஊசி போட்டார்கள். 2015இல் கோடு மீண்டும் ஒன்பதுக்கே வந்தது. கொப்பியில் ஒரு எண் மாறி, திரும்பப் பழையதாகியது. இடைப்பட்ட நாலு வருடத்தில் பிறந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு அதன் அர்த்தம் தெரியும்.

2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. உள்நாட்டில் தோன்றிய கடைசி நோயாளி 2016 மே மாதம். ஒழித்தல் என்றால் திரும்ப வராது என்று அர்த்தமில்லை, உள்ளே தங்கிச் சுற்றவில்லை என்றுதான் அர்த்தம். 2023 நடுப்பகுதியில் கொழும்புப் பக்கம் தொடங்கியது, வருட முடிவுக்குள் 700ஐத் தாண்டியது. இந்த முறையும் ஒன்பது மாதம் ஆகாத பிள்ளைகள் கண்ணில் படும்படி நிறைய. ஆகவேதான் 2024 ஜனவரியில் கோடு ஆறு மாதத்துக்கு இறங்கியது, தற்காலிகமாக, ஒன்பது இடங்களில், அதில் ஒன்று கல்முனை. ஆறில் போட்டது கணக்கில் சேராது. ஒன்பதிலும் மூன்று வயதிலும் வழமையானது இரண்டும் திரும்பப் போடத்தான் வேண்டும். இதைச் சில தாய்மார் "ஒரு ஊசி மிச்சம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சமில்லை.

பட்டியலில் ஏன் நம் கரை என்பதற்கு அதிகாரிகளின் காரணங்கள் அவர்களிடம் இருக்கும். எனக்குத் தோன்றுவது வேறு. நம் வளவுகளைப் பாருங்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இலிருந்து அக்கரைப்பற்றில் தங்கித் தங்கி ஆய்வு செய்தவர். இந்தக் கரையின் தமிழர், முஸ்லிம்கள் இருவரிடமும் தாய்வழிக் குடிமுறை இருப்பதையும் வீடு பெண்பிள்ளைக்கே போவதையும் விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு அதை வாசித்துத் தெரிய வேண்டியதில்லை. மூத்த மகளுக்கு இருந்த வீடு, அடுத்தவளுக்கு வளவுக்குள்ளேயே புது வீடு, கடைக்குட்டிக்குப் பின்னால் ஒரு அத்திவாரம். மாப்பிள்ளை வந்து சேருவார். ஆகவே ராத்தா தங்கச்சிமாரின் பிள்ளைகள் எல்லாம் ஒரே கடப்படிக்குள், ஒரே முற்றத்தில், பெரியம்மா வீட்டில் சோறு, சாச்சி வீட்டில் நித்திரை என்று வளர்வார்கள். பெண்ணுக்கு இது பெரிய பலம். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்திலேயே உம்மா, ராத்தா, சரக்குக் கறி, பிள்ளை தூக்க ஆள். கொழும்பில் ஃபிளட்டில் தனியாக இருப்பவளுக்கு இது கனவு. ஆனால் கிருமியின் கண்ணால் பார்த்தால் இது நாலு வீடு இல்லை, ஒரே வீடு. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இடமே இல்லாமல் நெருங்கிய ஊர்களில், பாலர் பாடசாலைக்குப் போகும் நாலு வயதுக்காரி பின்னேரம் வந்ததும் முதலில் ஓடிப்போய்க் கொஞ்சுவது சாச்சியின் கைப்பிள்ளையைத்தான்.

நாற்பதை இதற்கு மருந்தாகச் சொல்பவர்கள் உண்டு. நாற்பது நாள் தாயும் பிள்ளையும் அறைக்குள், அன்னியர் வரக்கூடாது, அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு விளங்கி வைத்திருக்கிறார்கள் பார் என்று. எனக்கு அந்த வழக்கத்தில் மரியாதை உண்டு, குக்கல் போன்ற நோயைப் பொறுத்தவரை அது நல்ல வேலையும் செய்கிறது. குக்கலுக்குத் தாயிடமிருந்து வரும் காவல் சொற்பம், முதல் ஊசி இரண்டு மாதத்தில்தான். ஆனால் சின்னமுத்துக்கு நாற்பதின் கணக்குத் தலைகீழ். தாயின் காவல் ஆகக் கூடுதலாக இருப்பது அந்த நாற்பது நாளில்தான். நாற்பது முடிந்து, பிள்ளையை உடுப்பாட்டி ஊர் காட்டத் தொடங்கும்போது அது கரையத் தொடங்கியிருக்கும். ஆபத்தான காலம் மூன்றாம் நாலாம் மாதத்திலிருந்து ஒன்பது வரை. அந்தக் காலத்தில் நமக்கு ஒரு வழக்கமும் இல்லை. அதோடு, இப்போதைய நாற்பதில் அன்னியர் வராமலா இருக்கிறார்கள்? ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்து அகீகா கொடுத்தால் வளவு நிறைந்துவிடும். பேபி சோப்பும் ஓடிக்கொலோனுமாக வருகிறவரைக் கடப்படியில் நிறுத்தி "உங்கட பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கேட்கக் குமருக்கு வாய் வராது. மாமியிடம் அதைச் சொல்லவும் ஆள் வேணும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கரையில் தொற்றுநோய் பற்றி எழுத முடியாது. 2020 நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையை ஒட்டிக் கொரோனா பரவி, ஊர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட நேரம், சனம் நோயைவிடப் பயந்தது ஜனாஸாவை எரிப்பார்களோ என்று. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்றது, அரசாங்கம் எரித்தது. அந்த டிசம்பரில் கொழும்பில் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் பிள்ளையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள் எல்லா இனத்தாரும். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி வந்தது, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த ஒரு வருடத்தில், காய்ச்சல் வந்த கைப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று எத்தனை வீட்டில் இராத்திரி முழுக்கக் கதைத்திருப்பார்கள். தொற்றுநோய்க் கட்டுப்பாடு நிற்பது சனம் தானாக வந்து "என்ட பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்வதில்தான். அந்த வாயை அரசாங்கமே அடைத்தது.

ஹலால் கேள்வியும் அப்படி ஒரு வாய் அடைக்கும் விஷயம். இந்தோனேசிய உலமா சபை 2018 ஓகஸ்டில் எம்.ஆர். ஊசி பற்றி ஒரு ஃபத்வா கொடுத்தது: தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் இருப்பதால் ஹராம், ஆனால் வேறு ஊசி இல்லாததாலும் ஆபத்து இருப்பதாலும் போடலாம். சனம் முதல் பாதியை மட்டும் கேட்டது. ஆச்சேயில் அந்த வருட ஊசித் திட்டம் படுத்தே போனது. சுனாமியில் நம்மைவிடப் பல மடங்கு இழந்த அதே ஆச்சே. கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்க்கக் கேள்வியை மௌலவியிடமும் மருந்துக் கேள்வியை எம்.ஓ.எச். டொக்டரிடமும் கேளுங்கள், பதிலைக் கடைசி வரி வரை கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவு எப்போதும் முதல் பாதியோடு முடிந்துவிடும்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு. மூத்தவளுக்கு மேலில் கண்டால் உடனே பிரித்து வைப்பது நல்லதுதான், ஆனால் படர்வு வருவதற்கு நாலு நாள் முந்தியே அவள் பரப்பத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகும் நாலு நாள் பரப்புவாள். ஆகவே "இனிக் கிட்டப் போகாதே" என்பதோடு வேலை முடியாது. கைப்பிள்ளைக்கு ஊசி போடும் வயது இல்லாவிட்டாலும் செய்ய ஒண்டும் இல்லை என்று நினைக்க வேண்டாம். நோயாளியோடு பழகி ஆறு நாளுக்குள் போனால், தேவை என்று டொக்டர் கண்டால், ஆயத்தமாக உள்ள எதிர்ப்புப் புரதத்தையே ஊசியாகப் போட வழி இருக்கிறது. தாய் தொப்புள்கொடியால் கொடுத்ததை இரவல் வாங்கிக் கொடுப்பது போல. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு மூன்று நாளுக்குள் போனால் ஊசியே உதவலாம். மேலில் கண்டு மறைந்த பிறகு பார்ப்போம் என்று வைத்திருந்தால் இந்த இரண்டு கதவும் மூடிவிடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

அதற்கு முந்திச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. பிள்ளை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே வளவில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் கொப்பியையும் எடுத்து ஒரு மேசையில் போட்டு, மூன்று வயது வரிக்கு நேரே திகதி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்பது மாத ஊசியை யாரும் மறப்பதில்லை. மூன்று வயது ஊசிதான் தவறும், ஏனென்றால் அதற்குள் அடுத்த பிள்ளை வந்திருக்கும். வளவில் இருபது முப்பது வயதில் இருக்கும் ஆண்களையும் கேளுங்கள், முக்கியமாக கட்டாருக்கும் சவூதிக்கும் போய் வருகிறவர்களை. 2013இல் பட்டதும் அந்த வயதுதான். அவர்களின் கொப்பி சுனாமியோடு போயிருக்கும். தெரியாவிட்டால் எம்.ஓ.எச். ஆபீஸில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு தரம் போட்டதால் கெடுதல் இல்லை. கர்ப்பமாக இருப்பவளுக்கு மட்டும் இந்த ஊசி போடுவதில்லை, அவளுக்கு அது பிள்ளை பெற்ற பிறகுதான்.

கடைசியாக, சந்தேகமான பிள்ளையை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ எந்த ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோனால், ஓ.பி.டி. வரிசையில் இருந்து நம்பர் வரும் வரை காத்திருக்காமல், வாசலிலேயே "மேலில் கண்டிருக்கு, காய்ச்சலும் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். அந்த வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் வேறு ஒருத்தி நாலு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள், தடிமனுக்கு மருந்தெடுக்க வந்தவள்.